வெளித்திரையில் சாளரத்தின் அளவு ஏன் பொருந்துவதில்லை?

திருகோணமலையின் உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே சிங்கள ஆவணங்களைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நீண்ட கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார். அவருடைய மடிக்கணினியின் திரை 14 அங்குலம், 1920 × 1080 பிக்சல். அதில் இயங்குவது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். மூல ஆவணத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து வேலை செய்வதற்காக 24 அங்குல மொனிட்டர் ஒன்றை வாங்கி, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணைத்திருக்கிறார். அதுவும் 1920 × 1080 பிக்சல்தான். மடிக்கணினியில் அளவாக இருந்த சாளரம் பெரிய திரைக்குப் போனதும் ஊதிப்போய்த் தெரிகிறது. மடிக்கணினியின் ஸ்கேலை, அதாவது எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கிக் காட்டும் விகிதத்தை, கூட்டிவிட்டுப் பெரிய திரையிலிருந்து திரும்பக் கொண்டுவந்தால் சாளரத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய், ‘சேமி’ பொத்தான் கைக்கு எட்டுவதில்லை. அந்த ஸ்கேல் மாற்றத்தோடு சில நிரல்களின் எழுத்தும் கலங்கிவிட்டது. மின்சாரம் போய் வந்த பிறகு எல்லாச் சாளரங்களும் மடிக்கணினிக்குள் வந்து குவிந்து, சிறுத்துக் கிடக்கின்றன. மொனிட்டர் பழுதா, லினக்ஸ் பழுதா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் பழுதில்லை. நீங்கள் சொல்லும் நான்கு தொல்லைகளில் மூன்றுக்கு ஒரே வேர்தான் இருக்கிறது. சாளரம் தன் அளவைப் பிக்சல் எண்ணிக்கையில் மட்டுமே அறியும். உங்கள் கண்ணோ சென்ரிமீற்றரில் பார்க்கிறது. இரண்டு திரைகளிலும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு பிக்சலும் பிடிக்கும் இடம் ஒன்றல்ல. ஆகவே சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்துச் சரிசெய்வதை முதலில் நிறுத்துங்கள். எந்தத் திரையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதையும், அதைக் கணினி எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதையும் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

கணக்கு எளிமையானது. 1920இன் வர்க்கத்தையும் 1080இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 2203 வரும். அது மூலைவிட்டத்தில் உள்ள பிக்சல். அதை 14ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 157, 24ஆல் வகுத்தால் 92. இப்போது 1200 பிக்சல் அகலமான ஒரு சாளரத்தை எண்ணிப் பாருங்கள். மடிக்கணினியில் அது 19.4 சென்ரிமீற்றர், அதே சாளரம், ஒரு பிக்சல்கூட மாறாமல், உங்கள் புதிய மொனிட்டரில் 33 சென்ரிமீற்றருக்கு மேல். நீங்கள் ‘ஊதிப்போகிறது’ என்று எழுதியது இந்த வித்தியாசத்தைத்தான்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று வீட்டில் இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். லிப்ரே ஆபிஸ் ரைட்டரைத் திறந்து, வெற்று ஏ4 பக்கமொன்றை 100 சதவீத உருப்பெருக்கத்தில் வையுங்கள். மெய்யான ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். மடிக்கணினித் திரையின் கண்ணாடியில் அடிமட்டத்தை மெதுவாகப் பொருத்தி, பக்கத்தின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை அளந்தால் 13 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சாளரத்தை மொனிட்டருக்கு நகர்த்தி மறுபடி அளந்தால் 22 சென்ரிமீற்றர். வேறு ஏற்பாடு எதுவும் செய்யாதவரை, எந்தத் திரையானாலும் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றே கணினி வைத்துக்கொள்வதால்தான் இப்படி வருகிறது. அந்த 96 உங்கள் மொனிட்டருக்கு ஏறக்குறையச் சரி. மடிக்கணினிக்கு வெகு தொலைவு. ஆகவே திருத்த வேண்டிய திரை நீங்கள் புதிதாக வாங்கியது அல்ல. இத்தனை காலமும் பழகிய மடிக்கணினித் திரைதான்.

திருத்துவதற்கு, உபுண்டுவின் அமைப்புகளில் திரைகளுக்கான பகுதியைத் திறந்தால் ‘ஸ்கேல்’ என்ற வரியும் அதற்குக் கீழே பின்ன ஸ்கேலுக்கான ஆளியும் இருக்கும். அந்த ஆளியைப் போட்டால் 100, 200 ஆகியவற்றுக்கு இடையே 125, 150, 175 சதவீதங்களும் தோன்றும். உபுண்டு 24.04, சாளரங்களைத் திரைக்குக் கொண்டுவரும் புதிய முறையான வேலேண்டில் வழக்கமாக இயங்குவதால் ஒவ்வொரு திரைக்கும் வெவ்வேறு ஸ்கேல் கொடுக்கலாம். மொனிட்டரை 100இலேயே விட்டுவிடுங்கள். மடிக்கணினிக்கு எதைத் தெரிவது என்பதில்தான் சற்று நிதானம் வேண்டும்.

157ஐ 1.75ஆல் வகுத்தால் 90 வரும். மொனிட்டரின் 92உடன் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அளவு பொருந்துவது மட்டுமே நோக்கம் என்றால் 175தான் சரியான விடை. ஆனால் அப்படி வைத்தால் 1920 × 1080 திரையில் நிரல்களுக்குக் கிடைக்கும் இடம் 1097 × 617 ஆகிவிடும். 617 என்ற உயரத்துக்குள் மேற்பட்டையும் போய், பல அமைப்புப் பெட்டிகள் முழுமையாக அடங்கா. 150இல் கிடைப்பது 1280 × 720; அடர்த்தி அங்குலத்துக்கு 105. 125இல் கிடைப்பது 1536 × 864, அடர்த்தி 126. அதே 1200 அகலச் சாளரம் 125இல் 24 சென்ரிமீற்றராகவும் 150இல் 29 சென்ரிமீற்றராகவும் தெரியும். மொனிட்டரில் அது 33 என்பதை நினைவில் வையுங்கள். நாள் முழுவதும் பெரிய திரையிலேயே எழுதி, மடிக்கணினியில் அகராதியையும் மின்னஞ்சலையும் மட்டும் வைத்திருப்பவருக்கு 150ஐப் பரிந்துரைப்பேன். சாளரங்களை இங்குமங்கும் அடிக்கடி நகர்த்துபவர் நீங்கள் என்பதால் 125ஐத் தெரிவு செய்யுங்கள். உயரத்தில் கிடைக்கும் அந்த 144 பிக்சல் உங்களுக்குப் பெரிதும் உதவும்.

அதற்குக் குறிப்பாக ஒரு காரணம் உண்டு. நீங்கள் கணினியின் இடைமுகத்தைத் தமிழில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அதை மாற்ற வேண்டாம். ஆனால் ஒரு சாளரத்தை எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்ற எல்லை, அதற்குள் இருக்கும் சொற்களின் நீளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் ‘மாற்றங்களைச் சேமி’ என்று ஆகும்போது, அப்படிப்பட்ட மூன்று பொத்தான்கள் ஒரே வரிசையில் நிற்கும் பெட்டியின் ஆகக் குறைந்த அகலமும் கூடிவிடும். தமிழ் எழுத்துருக்களுக்கு மேலும் கீழும் வேண்டிய இடைவெளியால் வரியின் உயரமும் சற்றுக் கூடும். பத்துப் பன்னிரண்டு வரிகள் உள்ள பெட்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். சாளரத்தை இழுத்துச் சுருக்க முயன்றும் ஓர் இடத்துக்கு மேல் அது அசையவில்லை என்றால் காரணம் இந்த எல்லைதான். உங்கள் கையிலோ மவுசிலோ குறை இல்லை. அந்த வேளையில் எழுத்துருவின் அளவை ஒரு புள்ளி குறைத்தால் முழுப் பெட்டியும் திரைக்குள் வந்துவிடும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துப் பெட்டிகளை வடிவமைப்பவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. தமிழ் இடைமுகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இதைத் திரைப்பிடிப்போடு வழுவாக அறிவித்தால்தான் திருத்தம் வரும் என்பதால், உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது கட்டாயம் செய்யுங்கள்.

அடிப்பகுதி திரைக்குக் கீழே போவதும் இதே கணக்கின் மறுபக்கம். மொனிட்டரில் 950 உயரத்தில் வைத்த சாளரம், 125இல் 864 உயரமே உள்ள மடிக்கணினிக்கு வந்தால் அடங்க வழியில்லை. உடனடி மீட்புக்கு மூன்று வழிகள் சொல்கிறேன். சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தையாவது மவுசால் பிடித்து மேலே இழுக்கலாம். தலைப்புப் பட்டையைத் தேட வேண்டியதில்லை. ஆல்ட்டுடன் எஃப்8ஐ அழுத்தினால் அளவு மாற்றும் நிலை வரும். எந்த ஓரத்தை நகர்த்த வேண்டுமோ அந்தத் திசை அம்பை அழுத்திப் பின்னர் மேல் அல்லது கீழ் அம்பால் சுருக்கி, என்டரை அழுத்தி முடிக்கலாம். இரண்டுக்கும் பொறுமை இல்லையென்றால், சூப்பருடன் இடது அல்லது வலது அம்பை அழுத்துங்கள். சாளரம் அந்தத் திரையின் பாதியில் அளவாகப் போய் உட்கார்ந்துவிடும். சில மடிக்கணினிகளில் எஃப் விசைகளுக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே என்ற உங்கள் வேலைக்கு இந்த மூன்றாவது வழியையே நிரந்தரப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. கையால் இழுத்து வைத்த சாளரம் ஒரு பிக்சல் எண்ணைச் சுமந்துகொண்டு திரைக்குத் திரை அலையும். பாதித்திரைச் சாளரமோ எந்தத் திரைக்குப் போனாலும் அந்தத் திரையின் பாதி எவ்வளவு என்று புதிதாகக் கணக்கிடப்படும். பழைய எண் அங்கே குறுக்கிடாது.

அந்தப் பழைய எண் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரலை மூடித் திறந்தாலும், கணினியையே அணைத்துப் போட்டாலும், பிழையான அளவு ஏன் திரும்பி வருகிறது என்று பலரும் கேட்பார்கள். பயர்பொக்ஸ் தன் சாளரத்தின் அகலம், உயரம், இடம் ஆகியவற்றைத் தன் சுயவிவரக் கோப்புறைக்குள் ‘எக்ஸ்யூஎல்ஸ்டோர்’ என்ற சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. லிப்ரே ஆபிஸ் தன் பயனர் கோப்புறையில் உள்ள பெரிய அமைப்புக் கோப்பில், ரைட்டருக்கு ஒரு வரி, கால்க்குக்கு ஒரு வரி என்று இடத்தையும் அளவையும் காற்புள்ளி இட்டுக் குறித்துவைக்கிறது. நிரலை மூடிவிட்டு பயர்பொக்ஸின் அந்தச் சிறு கோப்பை வேறு பெயரிட்டு ஒதுக்கினால், அடுத்த முறை சாளரம் புதிதாகத் தொடங்கும். லிப்ரே ஆபிஸில் முழுக் கோப்பையும் ஒதுக்கினால் உங்கள் ஏனைய விருப்பத்தேர்வுகளும் போய்விடும். அந்த ஒரு வரியை மட்டும் நீக்குங்கள், அதற்கு முன்பு ஒரு பிரதி எடுத்துவையுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் சாளரம் சில பிக்சல் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் அது வேறு விடயம்: சாளரத்தைச் சுற்றியுள்ள நிழலின் விளிம்பையும் சாளரத்தின் அளவோடு சேர்த்து எழுதிவைக்கும் வழு அது. அதை நிரலின் புதிய பதிப்பால்தான் தீர்க்க முடியும்.

அளவை நினைவில் வைக்கும் நிரல் இடத்தை மறந்துவிடுகிறது என்றும் குறைப்பட்டிருந்தீர்கள். அது வேலேண்டின் வடிவமைப்பு. 1980களில் பிறந்த எக்ஸ் சாளர முறையில், ஒரு நிரல் ‘என்னை இந்த ஆயத்தொலையில் வை’ என்று கேட்கலாம். கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலேண்டில், சாதாரண சாளரத்துக்கு அந்த உரிமை கிடையாது. எங்கே வைப்பது என்பதை டெஸ்க்டொப்பே முடிவு செய்யும். ஒரு நிரல் மற்றொன்றின் மேல் போய் உட்கார்ந்து ஏமாற்றாமல் இருக்க இது நல்ல காப்பு. ஆனால் இரண்டு திரையுடன் வேலை செய்பவருக்கு இழப்பும் இருக்கிறது. இடம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், கேடிஇ பிளாஸ்மா என்ற வேறு டெஸ்க்டொப்பை ஒருமுறை நிறுவிப் பாருங்கள். அதில் ஒவ்வொரு நிரலின் சாளரத்துக்கும் இந்தத் திரை, இந்த இடம், இந்த அளவு என்று விதி எழுதிவைக்க முடியும். இந்த விடயத்தில் உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டொப்பான க்னோமைவிட அது நெடுந்தூரம் முன்னே நிற்கிறது.

அடுத்தது கலங்கும் எழுத்து. வேலேண்டில் இயங்கினாலும், பழைய எக்ஸ் முறைக்கு எழுதப்பட்ட நிரல்கள் எக்ஸ்வேலேண்ட் என்ற இடையாளின் வழியாகவே திரைக்கு வருகின்றன. உங்களிடம் இருப்பது க்னோம் 46. பின்ன ஸ்கேல் போட்டிருக்கும்போது, அது இப்படிப்பட்ட நிரல்களை 100 சதவீதத்தில் வரையவிட்டு, பிறகு படத்தை இழுப்பதுபோல் 125க்கு இழுக்கிறது, கலக்கம் அதனால்தான். எந்த நிரல் இடையாளின் வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க அழகான வழியொன்று இருக்கிறது. ‘எக்ஸ் ஐஸ்’ என்ற மிகப் பழைய சிறு நிரலை நிறுவித் திறந்தால், இரண்டு கண்கள் தோன்றி மவுசின் சுட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுட்டியை ஒவ்வொரு சாளரத்தின் மேலும் கொண்டுபோங்கள். கண்கள் சுட்டியைப் பின்தொடர்ந்தால் அந்தச் சாளரம் எக்ஸ்வேலேண்டில் இருக்கிறது. கண்கள் உறைந்து நின்றால் அது நேரடி வேலேண்ட் நிரல். ஐந்து நிமிடத்தில் உங்கள் நிரல்கள் அனைத்தையும் இரண்டாகப் பிரித்துவிடலாம்.

பிரித்த பின்பு செய்ய வேண்டியவை அதிகமில்லை. பயர்பொக்ஸ் 2023 டிசம்பரில் வந்த 121ஆம் பதிப்பிலிருந்து தானாகவே வேலேண்டில் இயங்குகிறது; பழைய பதிப்பு என்றால் புதுப்பியுங்கள். குரோமியத்தையும் அதன் அடித்தளத்தில் எழுதப்பட்ட எலெக்ட்ரான் நிரல்களையும், அவற்றைத் திரையோடு இணைக்கும் ‘ஓசோன்’ மேடையைத் தானாகத் தெரிவு செய்யும்படி தொடக்கக் கட்டளையில் சொல்லி வேலேண்டுக்கு மாற்றலாம். மாற்ற முடியாதவற்றை 100 சதவீதத்தில் உள்ள மொனிட்டரிலேயே திறந்து வையுங்கள்; அங்கே இழுப்பு இல்லாததால் கலக்கமும் இல்லை. 2024 செப்டெம்பரில் வந்த க்னோம் 47இல், எக்ஸ்வேலேண்ட் நிரல்களே தம்மைப் பெரிதாக்கி வரைந்துகொள்ளும் வசதி சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது. கேடிஇ பிளாஸ்மாவில் அந்தத் தெரிவு 2022இலேயே 5.26ஆம் பதிப்பில் வந்துவிட்டது. லிப்ரே ஆபிஸின் எழுத்தில் மிக இலேசான மென்மை தெரிந்தால் அது வேறு காரணத்தால் வருவது: இடைமுகத்தை வரைய அது பயன்படுத்தும் ஜிடிகே 3 என்ற கருவித்தொகுதி, பின்ன ஸ்கேலை அறியாததால் இரண்டு மடங்காக வரைந்து 125க்குச் சுருக்கப்படுகிறது. கண்ணை உறுத்தும் அளவுக்கு அது இருக்காது.

மின்வெட்டுக்கு வருகிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் நானும் இரண்டு திரையுடன்தான் வேலை செய்தேன். ஆகவே உங்கள் சினம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கிறது, மொனிட்டருக்கு இல்லை. டிஸ்ப்ளேபோர்ட்டில், ‘நான் இருக்கிறேன்’ என்ற சைகையை மொனிட்டர் தன் சொந்த மின்சாரத்தில் அனுப்புகிறது. மின்சாரம் போன கணமே அந்தச் சைகை நின்று, கேபிளைப் பிடுங்கியதுபோல் கணினி எண்ணிக்கொள்கிறது. எல்லாச் சாளரங்களையும் எஞ்சிய ஒரே திரைக்குள் அடுக்க வேண்டியிருப்பதால் பெரியவற்றைச் சுருக்குகிறது. மின்சாரம் திரும்பும்போது சாளரங்களைப் பழைய திரைக்கே கொண்டுபோக க்னோம் முயன்றாலும், சுருக்கிய அளவு பல வேளைகளில் அப்படியே தங்கிவிடுகிறது.

எச்டிஎம்ஐ இதில் வேறுபடுகிறது. அதில் மொனிட்டரின் அடையாளச் சில்லுக்கு வேண்டிய 5 வோல்ற்றைக் கணினியே கேபிள் வழியாகக் கொடுக்கிறது. பல மொனிட்டர்களில் இருப்புச் சைகையும் அந்த 5 வோல்ற்றிலிருந்தே திரும்பி வருகிறது. ஆகவே மொனிட்டர் அணைந்தாலும் அது இணைந்தே இருப்பதாகக் கணினி கருதும். சாளரங்கள் இருண்ட திரையில் அசையாமல் இருக்கும். உங்கள் மொனிட்டரில் எச்டிஎம்ஐ துளையும் இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் கட்டாயம் தேவைப்படும் சாளரத்தை, சூப்பர், ஷிப்ட் இரண்டுடன் அம்பு விசையை அழுத்தி மடிக்கணினிக்கு அழைத்துக்கொள்ளலாம். எல்லா மொனிட்டர்களும் இப்படி நடப்பதில்லை என்பதால், மொனிட்டரின் மின் இணைப்பை ஒருமுறை நீங்களே கழற்றிச் சோதித்த பிறகே இதை நம்புங்கள். வசதி இருந்தால் மொனிட்டரைச் சிறிய யூபிஎஸ் ஒன்றில் இணைப்பதுதான் முழுத் தீர்வு. கணினியையும் சேர்த்துத் தாங்க வேண்டியதில்லை என்பதால் சிறிய யூபிஎஸ்கூட மொனிட்டரை மட்டும் கணிசமான நேரம் தாங்கும்.

இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேபிளை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். க்னோம் தன் ‘மொனிட்டர்ஸ்’ கோப்பில் திரைகளின் ஏற்பாட்டை எழுதும்போது, மொனிட்டரின் தயாரிப்பாளர், மாதிரி, தொடரெண் ஆகியவற்றோடு துளையின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறது. இன்று இடப்பக்கத் துளை, நாளை வலப்பக்கத் துளை என்று மாற்றினால், அதற்கு அது முன்பின் அறியாத மொனிட்டர்; நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஸ்கேல் திரும்பவும் போய்விடும்.

மொனிட்டர் சில நாட்களில் 1024 × 768இல் எழும்பி, எல்லாம் பூதாகரமாகத் தெரிவதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதைத்தான் நான் மிகக் கவனமாக வாசித்தேன், ஏனென்றால் இது ஸ்கேல் சிக்கல் அல்ல. ஒவ்வொரு மொனிட்டருக்குள்ளும் இடிஐடி என்ற 128 பைட் அடையாள அட்டை இருக்கிறது. திரையின் நீள அகலம் சென்ரிமீற்றரிலும், அதற்கு உகந்த தெளிதிறனும் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த 128 பைட்டையும் கூட்டினால் கூட்டுத்தொகை 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது விதி. வழியில் ஒரேயொரு பிட் பிழைத்தாலும் அட்டை செல்லாது. அட்டை கிடைக்காதபோது, எந்தத் திரையும் தாங்கக்கூடிய 1024 × 768க்குள் லினக்ஸின் மையமான கேர்னல் நின்றுகொள்கிறது.

கடற்கரையோரம் வாழும் நாம் இதில் சந்தேகிக்க வேண்டிய முதல் இடம் கேபிளின் முனை. உட்துறைமுக வீதிப் பக்கமாக ஒரு பயிற்சி நிலையத்தில் புரொஜெக்டர் இப்படியே அடம்பிடித்தபோது, அங்கிருந்தவர்கள் இரண்டு முறை லினக்ஸை மீள நிறுவிவிட்டு என்னை அழைத்தார்கள். விஜிஏ கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, பதினைந்து ஊசிகளில் கீழ்வரிசையின் இரண்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும்தான் அவை. அடையாள அட்டையின் தரவும் துடிப்பும் போவது அந்த இரண்டின் வழியாகத்தான். படத்தைக் கொண்டுபோகும் ஊசிகள் நன்றாக இருந்ததால் படம் வந்தது, அளவு மட்டும் வரவில்லை. கேபிளை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. எச்டிஎம்ஐயில் அதே வேலையைச் செய்பவை 15ஆம், 16ஆம் ஊசிகள். உப்புவெளியில் வடமேல் சன்னலோரம் மேசையைப் போட்டிருக்கிறீர்களோ, கடற்பக்கச் சன்னலோரமோ, எதுவானாலும் பயன்படுத்தாத நேரத்தில் முனைகளை மூடிவையுங்கள். அடுத்தமுறை 1024 × 768 வரும்போது, எதையும் நிறுவும் முன்பு வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

கேபிள் புதிதாக இருந்தும் அட்டை வரவில்லையென்றால் மட்டும் கையால் தெளிதிறனைத் திணிக்கலாம். எக்ஸ்11 என்ற பழைய எக்ஸ் முறையின் அமர்வில் ‘சிவிடி’ என்ற நிரல் 1920 × 1080க்கான நேரக் கணக்கை எழுதித் தரும். அதை ‘எக்ஸ்ராண்டர்’ மூலம் புதிய தெளிதிறனாகச் சேர்க்கலாம். வேலேண்டில் அந்த வழி செல்லாது. கணினி எழும்பும்போதே கேர்னலின் ‘வீடியோ’ அளவுருவில் துளையின் பெயரையும் தெளிதிறனையும் எழுத வேண்டும்.

தொலைக்காட்சியை மொனிட்டராகப் பயன்படுத்துவோரையும் ஒரு வார்த்தை சொல்லிக் கடக்கிறேன். மேற்பட்டையும் ஓரங்களும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், தொலைக்காட்சி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பை மறைக்கிறது என்று பொருள். அதன் தொலைக்கட்டுப்பாட்டில் பட அளவுக்கான பகுதியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பதுபோன்ற தெரிவு இருக்கும். அதை அழுத்தினால் போதும், லினக்ஸில் கைவைக்க வேண்டாம். சில தொலைக்காட்சிகள் அடையாள அட்டையில் நீள அகலத்துக்குப் பதிலாக 16:9 என்ற விகிதத்தை எழுதிவைப்பதால், 16 சென்ரிமீற்றர் அகலமுள்ள மிகச்சிறிய திரை என்று கணினி ஏமாறுவதும் உண்டு. க்னோம் இப்போது இந்த எண்களை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுகிறது.

உங்கள் தம்பி லினக்ஸ் மின்ட் வைத்திருப்பதாகவும் அவருக்கும் இதே தொல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மின்டின் சினமன் டெஸ்க்டொப் வழக்கமாக எக்ஸ்11இல் இயங்குகிறது. அங்கே எல்லாத் திரைகளும் ஒரே பெரிய பலகையின் துண்டுகள். எழுத்தின் அடர்த்திக்கு முழுப் பலகைக்கும் ஒரே எண்தான். சினமனில் பின்ன ஸ்கேல் இருந்தாலும், அது பெரிதாக வரைந்து ஒவ்வொரு திரைக்கும் சுருக்குவதால் பழைய கணினி திணறும். அவருக்கு நான் சொல்வது, ஸ்கேலை 100இலேயே விட்டு, எழுத்தின் பெருக்கத்தை மட்டும் 1.2 அளவில் வைத்து, இரண்டு திரைக்கும் நடுவான ஓர் அளவை ஏற்றுக்கொள்ளும்படிதான். பணிப்பட்டையை இரண்டு திரைகளும் ஒட்டும் உட்பக்க விளிம்பில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எக்ஸ்11இல் பட்டைக்கான இடம் முழுப் பலகையின் வெளிவிளிம்பிலிருந்தே அளக்கப்படுவதால், உட்பக்கத்தில் வைத்த பட்டையின் அடியில் சாளரங்கள் போய் மறைந்துகொள்ளும்.

மடிக்கணினியை 125க்கு மாற்றிய பிறகு அதே ஏ4 பக்கத்தை மீண்டும் அளந்து பாருங்கள். 16 சென்ரிமீற்றருக்கு அண்மையில் வர வேண்டும். 13இலேயே நின்றால், ஸ்கேல் அந்தத் திரைக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தில் ‘சாளர முறை’ என்பதற்கு எதிரே வேலேண்ட் என்று இருக்கிறதா எக்ஸ்11 என்று இருக்கிறதா என்பதையும், ‘எக்ஸ்ராண்டர்’ கட்டளை ஒவ்வொரு திரைக்கும் எத்தனை மில்லிமீற்றர் என்று காட்டுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் மொனிட்டருக்கு ஏறத்தாழ 531 × 299, மடிக்கணினிக்கு 310 × 174 என்று இருக்க வேண்டும். அந்த எண்கள் கையில் கிடைத்தால், மீதியை நாம் சேர்ந்து பார்த்துவிடலாம்.